அப்பா வரைந்த மணல்மேடு

மகளின் பிரசவத்துக்காக 2019-ம் ஆண்டு லண்டன் போயிருந்தேன். பேத்தி பிறந்து 40 நாள் ஆகியிருந்தது. செங்கல்பட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன சுக்கும் பூண்டும் தீர்ந்துவிட்டன. வீட்டுக்குள்ளேயே கிடந்து எனக்கும் சலித்துப்போயிருந்தது. ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் மாப்பிள்ளை வந்து, ‘‘அத்தை, பழைய மேப் வெச்சு ஒரு கண்காட்சி நடக்குது. உங்க அப்பா சர்வேயர்தானே, வர்றீங்களா? டிக்கெட் கிடையாது’’ என்றார்.

டிக்கெட் கிடையாது என்றதும் புடவை மாற்றக் கிளம்பிவிட்டேன். ஆனால், அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு எவ்வளவு பெரிய செலவு வைக்கப்போகிறது என்று அப்போது தெரியாது. பணச் செலவைச் சொல்லவில்லை. அதற்கு முன்னால், நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். 31 வருடம் பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் டீச்சர். ‘வரைபடத்தில் குறிக்கவும்’ என்று எத்தனை ஆயிரம் பிள்ளைகளைப் பரீட்சையில் பாடாய்ப் படுத்தியிருப்பேன் என்று கணக்கில்லை.

கண்காட்சி நடந்த இடம் கென்சிங்டனில் இருக்கும் ராயல் ஜியாகிராஃபிகல் சொசைட்டி. 1830-ல் தொடங்கிய சங்கம். கட்டடத்தின் வெளிச்சுவரில் இரண்டு மாடங்கள். நம் ஊர்க் கோயில் கோஷ்டத்தில் சாமி நிற்பதுபோல், ஒன்றில் ஆப்பிரிக்காவைச் சுற்றிய லிவிங்ஸ்டனும் இன்னொன்றில் தென்துருவப் பக்கம் போன ஷாக்கில்டனும் சிலையாக நிற்கிறார்கள். உள்ளே போனால் மேசை மேசையாக வரைபடங்கள். பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு அடுக்கியிருந்தார்கள். தி.நகர் கடையில் புடவையைப் புரட்டுவதுபோல் எல்லோரும் ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். சிலர் கையில் பூதக்கண்ணாடி. எழுபது, எண்பது வயதுக்காரர்கள் தரையில் மண்டியிட்டுக்கூடப் பார்த்தார்கள்.

இப்படியொரு உலகம் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். பழைய வரைபடம் சேர்ப்பவர்களுக்கென்று 1980-ல் லண்டனில் ஒரு சர்வதேச சங்கம் தொடங்கியிருக்கிறார்கள். உறுப்பினர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். வருடத்துக்கு ஒரு நாட்டில் கூடுகிறார்கள். டெல்லியில் இருந்துகொண்டு, இந்தியாவின் பழைய வரைபடங்களைத் தேடித்தேடிப் புத்தகமாக்கிய சூசன் கோல் என்ற அம்மையார் இந்தச் சங்கத்தின் பத்திரிகைக்கு ஆசிரியராகவும் இருந்திருக்கிறார். இது தவிர, வரைபட வரலாற்று ஆராய்ச்சியாளர்களுக்கென்று 1964 முதல் தனியாக ஒரு மாநாடு நடக்கிறது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, வேறு வேறு ஊர்களில். அந்த வருடம் ஜூலையில் ஆம்ஸ்டர்டாமில் நடக்க இருந்தது. அமெரிக்காவில் மயாமியில் ஒரு சந்தை, பாரிஸில் ஒரு சந்தை என்று, திருவிழாக் கடைபோல் ஊர் ஊராகப் போகிற வியாபாரிகளும் இருக்கிறார்கள்.

‘‘அத்தை, இங்க வாங்க. உங்க ஊரு!’’ என்று மாப்பிள்ளை கூப்பிட்டார்.

பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் படம். பள்ளிக்கூட நோட்டுப் பக்கத்தைவிடக் கொஞ்சம் பெரியது. நம் சோழமண்டலக் கடற்கரை. மேலே மெட்ராஸ், கீழே பாண்டிச்சேரி. நடுவில் சின்னச்சின்ன எழுத்தில் கோவளம், சதுரங்கப்பட்டினம். இரண்டுக்கும் நடுவே ஒரு பெயர். மாப்பிள்ளை எழுத்துக்கூட்டி, ‘‘செவன் பகோடாஸ்’’ என்றார்.

‘‘ஏழு பக்கோடாவா?’’ என்றேன். கடைக்காரரே சிரித்துவிட்டார். எதற்கு என்று அவருக்குப் புரிந்திருக்காது.

மாமல்லபுரத்துக்கு ஐரோப்பியக் கப்பல்காரர்கள் வைத்த பெயர் அது. ஏழு கோயில். 1582-ல் இந்தப் பக்கமாகக் கப்பலில் போன வெனிஸ் நகரத்து நகை வியாபாரி காஸ்பரோ பால்பி அந்தப் பெயரைத் தன் பயணக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அதற்கும் 200 வருடம் முன்னால், 1375-ல் ஸ்பெயின் பக்கம் தயாராகி, இப்போது பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கும் கத்தலான் அட்லஸில் உள்ள ஒரு பெயரும் மாமல்லபுரமாகத்தான் இருக்கும் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கடலில் வருகிறவனுக்கு ஊர் முக்கியமில்லை, கரையில் உயரமாகத் தெரிகிற அடையாளம்தான் முக்கியம். நம் கடற்கரைக் கோயில் அவனுக்கு ஒரு மைல்கல். அதனால்தான் அந்தப் படத்தில் கரையோரம் முழுக்கப் பெயர்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. உள்ளே ஏரியும் வயலுமாகக் கிடக்கிற எங்கள் செங்கல்பட்டுச் சீமை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைக் காகிதம்.

விலை 180 பவுண்டு. மனசுக்குள் ரூபாயாக மாற்றிப் பார்த்தேன். கிட்டத்தட்ட பதினாறாயிரம். படத்தைப் பத்திரமாகத் திரும்ப வைத்துவிட்டேன்.

அப்போதுதான் பக்கத்தில் நின்ற வயதான டச்சுக்காரர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். எண்பதை ஒட்டிய வயது. அவர் சதுரங்கப்பட்டினத்தின் படங்களை மட்டும்தான் சேர்க்கிறாராம். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டை இருந்த ஊர் அல்லவா! நாங்கள் செங்கல்பட்டு என்றதும், அவர் கண் அகலமாகிவிட்டது. ‘‘அந்தக் கோட்டைக்குள் கல்லறைகள் இன்னும் இருக்கின்றனவா?’’ என்று கேட்டார். இருக்கின்றன, மேலே அழகாக எழுத்தும் சித்திரமும் செதுக்கியிருப்பார்கள், தொல்லியல் துறை பாதுகாக்கிறது என்று சொன்னேன். கோட்டைச் சுவரிலிருந்து கடல் எவ்வளவு தூரம், மணல் என்ன நிறம், தென்னை உண்டா, பனை உண்டா என்று கேள்விமேல் கேள்வி. மாப்பிள்ளை இரண்டு பக்கமும் மொழிபெயர்த்துக் களைத்துப்போனார். அவர் ஒரு தடவைகூட இந்தியாவுக்கு வந்ததில்லை. நான் எத்தனையோ தடவை பள்ளிச் சுற்றுலாவில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், கல்லறைப் பக்கம் நின்று புளிசாதம் பிரித்தவள்.

பேச்சோடு பேச்சாக மாப்பிள்ளை, ‘‘இவங்க அப்பா சர்வேயர். அந்தக் கடற்கரை முழுக்க அளந்தவர். கையால நிறைய படம் வரைஞ்சு வெச்சிருந்தாராம்’’ என்று சொல்லிவிட்டார்.

அந்தப் பெரியவர் என் பக்கம் திரும்பி, ரொம்ப மரியாதையாக ஒரே ஒரு கேள்வி கேட்டார். ‘‘அந்தப் படங்கள் இப்போது எங்கே இருக்கின்றன?’’

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ‘‘வீட்டில்’’ என்று பொய் சொன்னேன்.

அப்பா 1956-ல் நில அளவைத் துறையில் சேர்ந்தவர். 1991-ல் ஓய்வு. ஆபீஸ் படங்களை ஒருநாளும் வீட்டுக்குக் கொண்டுவந்தது கிடையாது. ‘‘அது சர்க்கார் சொத்து’’ என்பார். ஆனால், எந்த ஊருக்கு முகாம் போனாலும் ராத்திரி அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து, அந்த ஊரைத் தனக்கென்று ஒரு படம் வரைந்துகொள்வார். அதில் சர்வே நம்பர் இருக்காது. ‘நல்ல தண்ணிக் கிணறு’, ‘மோர் கொடுத்த பாட்டி வீடு’, ‘பாம்பு கண்ட இடம்’, ‘இங்கே ஓடம்’ என்றெல்லாம் எழுதியிருக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலை வராத காலம். மாமல்லபுரம் பக்கம் வேலை என்றால் திருக்கழுக்குன்றம் வழியாக 30 கிலோமீட்டர் சைக்கிள். பக்கிங்காம் கால்வாயில் சைக்கிளையும் ஓடத்தில் ஏற்றிக்கொண்டு போவார்.

சில படங்கள் டிரேசிங் துணியில் இருந்தன. இன்றைக்குப் பலருக்கு அது தெரியாது. மெல்லிய பருத்தித் துணிக்குக் கஞ்சி ஏற்றி, பளபளவென்று காகிதம்போல் ஆக்கியிருப்பார்கள். தண்ணீரில் ஊறவைத்து அலசினால் கஞ்சி போய், மல்மல் துணி கிடைக்கும். அப்பா காசு கொடுத்து வாங்கிய துணியில் மிச்சம் விழும் துண்டுகளை அம்மா அப்படி அலசி எனக்குக் கைக்குட்டை தைத்துக் கொடுப்பார். கிளாஸில் எனக்கு மட்டும்தான் அவ்வளவு மெல்லிய கைக்குட்டை.

2011-ல் அப்பா போனார். 2014 தை மாதம் பழைய வீட்டை இடித்துக் கட்டுவதாக முடிவு. மார்கழியிலேயே பரணைக் காலி செய்தோம். தம்பி வேலை விஷயமாக வெளியூரில் இருந்தான். ‘‘அக்கா, நீயே பார்த்து முடிச்சுடு’’ என்று போனில் சொல்லிவிட்டான். பரணில் அப்பாவின் சுருள்கள் ஒரு மூட்டை, நோட்டுகள் இரண்டு மூட்டை. கரப்பான் முட்டையும் எலிப் புழுக்கையுமாக இருந்தன. பழைய பேப்பர்காரர் நோட்டுகளை எடை போட்டு எடுத்துக்கொண்டார். 42 கிலோ. கிலோ 10 ரூபாய். சுருள்களைத் தள்ளி வைத்துவிட்டார். ‘‘துணி ஒட்டினது, கஞ்சி போட்டது எல்லாம் எடைக்கு ஆகாதும்மா.’’

அந்த வாரம் போகி. விடியற்காலை தெருவில் எல்லோரும் கொளுத்த, நானும் மூட்டையோடு தூக்கிப் போட்டேன். துணியில் கஞ்சி இருந்ததாலோ என்னவோ, குபுகுபுவென்று நன்றாகவே எரிந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மேளம் அடித்தார்கள். குளிருக்கு இதமாக நானும் கை நீட்டிக் காய்ந்தேன்.

டச்சுக்காரர் கேட்ட கேள்விக்கு நியாயமான பதில் அதுதான். ‘வரைபடத்தில் குறிக்கவும்’ என்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த டீச்சர், தன் அப்பாவின் வரைபடங்களில் குளிர் காய்ந்தவள்.

மாப்பிள்ளை அன்று என் முகத்தைப் பார்த்துவிட்டு, ரயிலில் சமாதானமாக ஏதேதோ சொல்லிக்கொண்டு வந்தார். பழைய படங்களின் உலகத்திலும் எல்லோரும் புனிதர்கள் இல்லை என்றார். ஒரு முழு அட்லஸைவிடத் தனித்தனித் தாளாக விற்றால் லாபம் என்று புத்தகத்தைப் பிரித்துக் கிழிக்கிற வழக்கம் ரொம்ப நாளாக இருக்கிறதாம். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் ஸ்மைலி என்ற பெரிய வரைபட வியாபாரி, 2005-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் பிளேடைக் கீழே தவறவிட்டுப் பிடிபட்டார். பல நூலகங்களில் இருந்து 97 படங்களை அறுத்து எடுத்ததை ஒப்புக்கொண்டார். ‘‘அவங்க திருடினாங்க, வித்தாங்க. நீங்க தெரியாமதானே செஞ்சீங்க’’ என்றார் மாப்பிள்ளை. எனக்கு என்னவோ அது ஆறுதலாக இல்லை. அவர் திருடிய படங்களாவது எங்கேயோ இருந்தன. பெரும்பாலானவை திரும்பவும் நூலகங்களுக்கே வந்து சேர்ந்தன.

செங்கல்பட்டு திரும்பிய அந்த வருடம் நவம்பரில், எங்கள் ஊர் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. தெருவெல்லாம் புது மாவட்ட வரைபடம் ஒட்டியிருந்தார்கள். எந்தப் படத்தைப் பார்த்தாலும் எனக்குப் போகி நெருப்பு ஞாபகம் வந்தது. பிறகு ஊரடங்கு வந்தது. பூஜை அலமாரியை ஒழிக்கும்போது, பழைய காலண்டர்களின் பின்னால் ஓர் அட்டைக் குழாய். உள்ளே ஒரே ஒரு சுருள். அப்பாவின் கையெழுத்து. ‘மாமல்லபுரம் வடக்கு, 1968.’

அந்தச் சுருள் பரணில் இல்லாமல் அங்கே எப்படி வந்தது என்பது எனக்கு உடனே புரிந்துவிட்டது.

2004 டிசம்பர் 26, சுனாமி. அலை வருவதற்கு முன் மாமல்லபுரத்தில் கடல் உள்வாங்கியபோது, பாறைகளும் கற்களும் வரிசையாகத் தெரிந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். உலகப் பத்திரிகைகள் எல்லாம் ‘ஏழு கோயில்’ கதையைத் திரும்ப எழுதின. ஏழில் ஆறு கடலுக்குள் போய்விட்டது என்ற கதை. சூரியன் உதிக்கும்போது கடலுக்குள் செப்புக் கலசங்கள் மின்னியதைத் தங்கள் பெரியவர்கள் பார்த்ததாக ஊரார் சொன்ன செய்தியை, 1770-களில் இங்கே வந்த வில்லியம் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் எழுதி, 1788-ல் அது அச்சிலும் வந்தது. தேசியக் கடலியல் நிறுவனம் சுனாமிக்கு முன்பே, 2002-ல் கடலுக்குள் முங்கிப் பார்த்து, மனிதர் கட்டிய சுவர்களின் மிச்சம் இருப்பதாகச் சொன்னது.

அப்பாவுக்கு அப்போது 72 வயது. கடலுக்குள் இருப்பதைவிட, கரையில் நடந்ததுதான் அவரைத் தூங்கவிடவில்லை. புலிக்குகைக்குப் பக்கத்தில், சாளுவன்குப்பத்தில், அலை மண்ணை அரித்துப் பாறையில் கல்வெட்டு வெளியே தெரிந்தது. பக்கத்திலிருந்த மேட்டைத் தொல்லியல் துறை தோண்டியது. பல்லவர் காலத்து முருகன் கோயில் வெளியே வந்தது. அதற்கும் அடியில், அதைவிடப் பழைய செங்கல் கோயில். சங்க காலத்தைச் சேர்ந்தது என்று தொல்லியல் துறையினர் சொன்னார்கள். அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்த அன்றே அப்பா பரண் ஏறி இந்தச் சுருளை எடுத்தார். பஸ் பிடித்து இரண்டு பேரும் போனோம்.

கயிறு கட்டியிருந்த இடத்துக்கு வெளியே நின்று, படத்தையும் இடத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். படத்தில் அந்த இடத்தில் ஒரு சின்ன வட்டம். ‘மணல்மேடு. வேலமரம் 3. நிழல் உண்டு’ என்று எழுதியிருந்தது. அந்த மேட்டின் மேல் உட்கார்ந்துதான் 1968-ல் மத்தியானச் சாப்பாட்டைப் பிரித்தாராம்.

‘‘பாத்தியா, முருகன் தலைமேல உக்காந்து தயிர்சாதம் சாப்பிட்டிருக்கேன். மேட்டை வரைஞ்சேன், மரத்தை எண்ணினேன். உள்ள இருந்தது தெரியல’’ என்றார். வீட்டுக்கு வந்ததும் படத்தைப் பரணில் வைக்க மனசு வரவில்லைபோல. சாமி அலமாரியில் வைத்திருக்கிறார். அதனால் என் கையிலிருந்து தப்பித்தது.

அந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு, அதுவரை பாடமாக மட்டும் நடத்திய விஷயங்களைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அந்த பிரெஞ்சுப் படத்தில் வெள்ளையாகக் கிடந்த எங்கள் சீமை எப்போது நிரம்பியது? 1763-ல் ஆற்காடு நவாப், கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் செங்கல்பட்டுச் சீமையை ஜாகீராகக் கொடுத்தார். வரி வாங்க வேண்டுமென்றால் ஊர் எது, ஏரி எது என்று தெரிய வேண்டுமே! 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற அதிகாரி ஜாகீரை அளந்தார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிராமங்களின் கணக்கு எடுக்கப்பட்டது. அந்தக் கணக்குகள் மூலத்தில் ஓலையில் தமிழில் இருந்தவை. ஊர்க் கணக்கர்கள் எழுதியவை. காந்தியவாதி தரம்பால் இந்த ஆவணங்களைத் தேடி எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்.

1802 ஏப்ரல் 10-ம் தேதி வில்லியம் லாம்டன், பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக்கும் நடுவே 100 அடி இரும்புச் சங்கிலியை வைத்து, சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நேர்கோடு அளக்கத் தொடங்கினார். அந்த ஒரு கோட்டிலிருந்துதான் முக்கோணம் முக்கோணமாக இமயமலை வரை போய் இந்தியாவையே அளந்தார்கள். ஐ.டி. கம்பெனிக்காரர்கள் தினமும் அந்தப் பக்கமாகத்தான் வேலைக்குப் போகிறார்கள். அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம், ‘‘பேரு துரைக்கு. சங்கிலி புடிச்சு முள்ளுல நடந்தவன் பேரு எந்த மேப்லயும் கிடையாது’’ என்பார். தன் படங்களின் மூலையில் அவர் தன் பெயரைப் போட்டதில்லை. அன்று சங்கிலி பிடித்தவர்களின் பெயர்களைத்தான் எழுதுவார். 1968 படத்திலும் நான்கு பெயர்கள் இருக்கின்றன.

லண்டனில் பார்த்ததில் இன்னொன்றும் அப்போது ஞாபகம் வந்தது. யாரும் படத்தைத் தனியாகப் பார்க்கவில்லை. வாங்கியவர் உடனே இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினார். ‘என்னிடம் இருப்பதில் இந்த ஆறு வேறு மாதிரி போகிறது’ என்று அவர் சொன்னார். மூன்றாவது ஆள் வந்து, இரண்டுமே தப்பு என்றார். இதற்காகத்தான் விமானம் ஏறி வருகிறார்கள் என்று தோன்றியது. ஒரு படத்தைப் படிக்க அந்த இடம் தெரிந்த இன்னொரு ஆள் வேண்டும்.

2022-ல் அப்பாவின் படத்தைப் பெரிதாக நகலெடுத்துக்கொண்டு மாமல்லபுரம் போனேன். பழைய மாணவன் ஒருவன், அங்கே மீனவர் குப்பத்தில் தன் தாத்தாவிடம் கூட்டிக்கொண்டு போனான். வலை பின்னிக்கொண்டிருந்தார்.

‘‘வாங்கம்மா, உக்காருங்க. என் பேரனுக்குப் பாடம் சொன்ன டீச்சரா?’’ என்று பாயை உதறிப் போட்டார். நகலை மணலில் விரித்து, நான்கு மூலைக்கும் கல் வைத்தோம். முதலில் தலைகீழாகப் பார்த்தார். அப்புறம்தான் தெரிந்தது, அவர் கடலிலிருந்து பார்க்கிறார் என்று.

‘‘யாரு போட்டது? கரையில நின்னு போட்டிருக்காரு. தப்பில்ல. ஆனா, இந்தக் கெணறு இங்க இல்லம்மா. சவுக்குத் தோப்புக்கு இந்தாண்ட’’ என்று விரலால் காட்டினார். பென்சிலைக் கொடுத்தேன். வாங்காமல் பேரனைக் குறிக்கச் சொன்னார். கடலுக்குள் அப்பா இரண்டு பாறைகள் போட்டிருந்தார். பெரியவர் ஐந்து சொன்னார். வலை கிழியாமல் இருக்க ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டுமாம். ‘‘கோபுரமும் லைட் அவுஸும் ஒண்ணு மேல ஒண்ணு வந்து நின்னா, கீழ பாறை. கொஞ்சம் விலகினா நல்ல எடம்’’ என்றார். ஐந்நூறு வருடமாகக் கப்பல்காரர்கள் செய்ததும் அதைத்தானே! அவர்கள் தாளில் எழுதினார்கள், இவர் தலையில் வைத்திருக்கிறார்.

‘‘இதெல்லாம் நீங்க யாருக்காவது சொல்லிக் குடுத்திருக்கீங்களா, ஐயா?’’ என்று கேட்டேன்.

‘‘யாரு கேக்கறா? எல்லாம் இப்ப ஜி.பி.எஸ்’’ என்று சொல்லிவிட்டு வலையை எடுத்துக்கொண்டார். பேரன் தலையைக் குனிந்து ஐந்து பாறைகளையும் குறித்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு மூன்று தடவை போய்வந்தேன். நகலில் இப்போது அப்பாவின் மை ஒரு நிறம், பெரியவர் சொன்னது பென்சில், பேரன் தானாகச் சேர்த்தது சிவப்பு. அவன் போட்டோ எடுத்து நண்பர்களுக்கும் அனுப்பியிருக்கிறான். சதுரங்கப்பட்டினம் கோட்டைக் கல்லறைகளையும் போட்டோ எடுத்து, மாப்பிள்ளை மூலமாக அந்த டச்சுக்காரருக்கு அனுப்பினேன். கூடவே, வீட்டில் இருப்பதாகச் சொன்னது பொய் என்றும் எழுதச் சொன்னேன். பதில் வந்தது. பொய்யைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவரிடம் இருக்கும் சதுரங்கப்பட்டினப் படம் ஒன்றை ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தார்.

பழைய படம் பார்க்க லண்டன் போக வேண்டியதில்லை. டேவிட் ரம்ஸி என்பவரின் சேகரிப்பும், பிரெஞ்சு தேசிய நூலகத்தின் காலிகா தளமும் ஆயிரக்கணக்கான படங்களை இலவசமாகத் தருகின்றன. போனில் விரலால் பெரிதாக்கி உங்கள் ஊரைத் தேடலாம். வீட்டில் பழைய கைப்படம், பாகப்பிரிவினைப் படம், நிலப்படம் ஏதாவது இருந்தால், லேமினேஷன் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள். பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்துவையுங்கள். எந்த ஊர், யார் வரைந்தது என்று பின்னால் பென்சிலில் எழுதிவையுங்கள். 75, 100 வருடத்தைத் தாண்டிய பழைய ஆவணங்களை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடை விதிக்கிறது என்பதும் ஞாபகம் இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலே, வரைந்தவர் உயிரோடு இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிடுங்கள். ‘மோர் கொடுத்த பாட்டி’ யார் என்று நான் கேட்கவே இல்லை.

இப்போதெல்லாம் போகிக்கு முதல் நாள் சாயங்காலம் எங்கள் தெருவில் ஒரு சுற்று போய்வருவேன். வாசலில் கட்டி வைத்திருப்பதைப் பிரித்துப் பார்ப்பேன். ‘‘டீச்சர் குப்பை பொறுக்க வந்துட்டாங்க’’ என்று சிரிப்பார்கள். பெரும்பாலும் கரன்ட் பில், கல்யாணப் பத்திரிகை, கோரைப் பாய். போன வருடம் ஒரு கட்டில் மடித்த காகிதம் ஒன்று இருந்தது. ஒரு கிணறு, ஏழு தென்னை மரம், மாட்டுக் கொட்டகை, நடுவில் ஒரு கோடு. இரண்டு பக்கமும் அண்ணன், தம்பி என்று எழுதியிருந்தது.

அந்த வீட்டுப் பையனைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். ‘‘இது எந்த இடம் டீச்சர்?’’ என்றான்.

‘‘உள்ள உங்க தாத்தா இருக்காரே, போய்க் கேளு’’ என்றேன்.